பெஞ்சில் உட்கார்ந்தே கோச் ஆனவரா கவாகுச்சி?

#1 குறுக்குக்கம்பம்

ஜப்பான் கோல்கீப்பர் யோஷிகட்சு கவாகுச்சி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் மூன்று ஆட்டங்களைச் சொல்வார்கள். 1996 மயாமி (ஒலிம்பிக்கில் பிரேசிலை வென்றது), 2004 சோங்சிங், 2007 ஹனோய் (இரண்டும் ஆசியக் கோப்பைக் காலிறுதி, பெனால்ட்டியில் வென்றவை). மூன்றும் பார்க்கப் பார்க்கச் சலிக்காதவைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையை நான் தொடங்குவது அவர் ஆடாத ஆட்டங்களுக்காக.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 ஆகஸ்டில் ஷிசுவோகா மாகாணத்தின் ஃபூஜி நகரத்தில் பிறந்தவர். ஜப்பானில் கால்பந்து வெறிக்குப் பேர்போன மாகாணம் அது. ஷிமிசு வணிக உயர்நிலைப் பள்ளிக்குக் கேப்டனாக இருந்து தேசியப் பள்ளிகள் கோப்பையை வென்றார், 1994-இல் யோகோஹாமா மரினோஸில் சேர்ந்தார். தேசிய அணிக்கு 116 ஆட்டங்கள். ஜப்பானின் வேறெந்த கோல்கீப்பரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 2018 டிசம்பரில், 43 வயதில், மூன்றாம் டிவிஷனில் இருந்த எஸ்.சி. சகாமிஹாராவில் கையுறையைக் கழற்றினார். அப்புறம் கோல்கீப்பர் கோச். ஜப்பான் கால்பந்து சங்கத்தின் இளையோர் அணிகள், டோக்கியோ ஒலிம்பிக் அணி, பிறகு 2023-இல் தன் பழைய கிளப் ஜுபிலோ இவாட்டா.

நான்கு உலகக் கோப்பை அணிகளில் அவர் பெயர் இருந்தது: 1998, 2002, 2006, 2010. களத்தில் இறங்கியது இரண்டில்தான். ஐரோப்பாவுக்கு ஆடப்போன முதல் ஜப்பான் கோல்கீப்பர் என்று எழுதுகிறார்கள். அங்கே அவர் ஆடியதை எண்ணினால் விரல்கள் கொஞ்சம்தான் போதாமல் போகும்.

என் கட்சி இதுதான். இவரைக் கோச் ஆக்கியது அந்த மூன்று இரவுகள் அல்ல, பெஞ்சில் உட்கார்ந்த வருஷங்கள். ஒரு கிளப்பில் மூன்று, நான்கு கோல்கீப்பர்கள் இருப்பார்கள். ஆட்டத்தன்று இறங்குவது ஒருவர். மற்றவர்கள் வாரம் முழுக்க அதே பயிற்சி, அதே விழுதல், அதே மண். கோல்கீப்பர் கோச்சுக்கு முக்கால்வாசிப் பொழுது இந்த ஆடாத ஆட்களோடுதான் போகும். அவர்களிடம் பேச, அங்கே உட்கார்ந்து பார்த்த ஒருவர் வேண்டும் இல்லையா?

#2 எண்கள் ஏகாம்பரம்

விரல் கணக்கு வேண்டாம், எண்ணையே தருகிறேன். 2001 அக்டோபரில் போர்ட்ஸ்மவுத் அவரை சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லீக்கில் 12 ஆட்டங்கள். 2003-இல் டென்மார்க்கின் நோர்ஷெலான்ட். அங்கே 8. மூன்று வருஷத்துக்கும் மேல் ஐரோப்பாவில், மொத்தம் 20 லீக் ஆட்டங்கள்.

இதற்கு நடுவில்தான் 2002 உலகக் கோப்பை, அதுவும் சொந்த மண்ணில். ஜப்பான் கோச் ட்ரூசியே இன்னொரு கோல்கீப்பர் நராசாகியை நிறுத்தினார், கவாகுச்சி பெஞ்ச். இரண்டே வருஷத்துக்கு முன் லெபனானில் ஆசியக் கோப்பை இறுதியில் சவுதியை 1-0 என்று வென்றபோது கோலில் நின்றவர் இவர்.

#3 நீலச்சட்டை

குறுக்குக்கம்பம் அண்ணே, ஆட வாய்ப்பு கிடைக்காததையெல்லாம் தவம் ஆக்கிவிடாதீர்கள். போர்ட்ஸ்மவுத்தில் அவரை யாரும் பாடம் படிக்கட்டும் என்று உட்கார வைக்கவில்லை. சரியாக ஆடவில்லை, உட்கார வைத்தார்கள்.

2002 ஜனவரி, எஃப்.ஏ. கோப்பை, சொந்த மைதானம் ஃப்ராட்டன் பார்க். எதிரில் லேட்டன் ஓரியன்ட், நான்காம் அடுக்கில் ஆடும் சின்ன கிளப். 1-4 என்று தோற்றார்கள். அத்தோடு இவர் இடமும் போயிற்று. அடுத்த சீசனுக்கு மேனேஜர் ரெட்நாப் கோல்கீப்பர் ஷாகா ஹிஸ்லாப்பைக் கொண்டுவந்தார், அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது, கவாகுச்சி ஓரமாக நின்று கைதட்டினார். கடைசி நாளில் பிராட்ஃபோர்டில், எல்லாம் முடிந்த பிறகு, மாற்று ஆளாக இறக்கினார்கள்.

2006-ஐயும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டீர்கள். கைசர்ஸ்லௌட்டர்ன், ஆஸ்திரேலியா. 84-ஆவது நிமிஷம் வரை ஜப்பான் 1-0 முன்னிலை. லூகாஸ் நீல் ஒரு நீண்ட த்ரோ போடுகிறார். கவாகுச்சி கோல் கோட்டிலிருந்து முன்னே பாய்ந்து வருகிறார், பந்து கையில் சிக்கவில்லை, டிம் கேஹில் காலி கோலில் தள்ளுகிறார். அடுத்த எட்டு நிமிஷத்தில் இன்னும் இரண்டு கோல். 1-3. அந்த உலகக் கோப்பையே அங்கே கவிழ்ந்தது.

இப்படிப்பட்டவர் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே வரும் பந்து) பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாராக்கும்!

#4 பழைய கோலி

நீலச்சட்டை தம்பி, நானும் இருபது வருஷம் கோலில் நின்றவன். பெரிய ஆள் இல்லை, கம்பெனி லீக். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பொடியன்களுக்குச் சொல்லித்தருகிறேன். அதனால் அந்த த்ரோவைப் பற்றிக் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நீண்ட த்ரோ கோலிக்குப் பிடிக்காத பந்து. காலால் அடித்த கிராஸ் மாதிரி வேகமாக வந்து போகாது. எழும்பி, சாவகாசமாக, கூட்டத்தின் நடுவில் இறங்கும். த்ரோவுக்கு ஆஃப்சைடு கிடையாது, அதனால் எதிரணிக்காரன் உங்கள் மூக்குக்கு முன்னாலேயே நிற்கலாம். வருவதா, நிற்பதா என்று முடிவெடுக்கக் கண்சிமிட்டும் நேரம்தான். வந்துவிட்டால் தொட்டே ஆகவேண்டும். பாதி வழியில் மாட்டிக்கொண்ட கோலி, வராத கோலியைவிட மோசம்.

கவாகுச்சி ஏன் வந்தார்? அவர் உயரம் சுமார் 180 செ.மீ. இந்தக் காலத்துப் பெரிய கோலிகள் 190-க்கு மேல். உயரம் குறைந்தவன் ஒரு அடி முன்னதாகக் கிளம்பித்தான் ஈடுகட்ட முடியும். இவர் ஆரம்பத்திலிருந்தே முன்னே பாயும் ஆள். மயாமியில் பிரேசில் 28 முறை கோலை நோக்கி அடித்தது. ரொனால்டோ, பெபெட்டோ, ரிவால்டோ, ரொபெர்ட்டோ கார்லோஸ், எல்லோரும் இருந்த அணி. அன்று இவர் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால் அரை டஜன் வாங்கியிருப்பார். பாய்ந்து பாய்ந்து கோணத்தை மூடியதால்தான் 1-0 நின்றது. மயாமியில் காப்பாற்றிய குணமும் கைசர்ஸ்லௌட்டர்னில் கவிழ்த்த குணமும் ஒன்றேதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்த ஆஸ்திரேலியா ஆட்டத்தின் முதல் 80 நிமிஷத்தை மறுபடி பாருங்கள். 1-0 அதுவரை தாங்கியதே இவர் கையால்தான். கோலிக்குக் கணக்கு அப்படித்தான் எழுதுவார்கள். பத்தைத் தடுத்தவன், பதினொன்றாவதில் தூக்கில்.

#5 ஜொகூர் ஜெகன்

கவாகுச்சி இழையா! அப்படியென்றால் எங்கள் ஊர் பேர் வராமல் எப்படி?

1997 நவம்பர் 16, ஜொகூர் பாரு, லார்கின் ஸ்டேடியம். ஜப்பானும் ஈரானும், ஜெயித்தவர் முதல்முறையாக… மன்னிக்கவும், ஜப்பானுக்குத்தான் முதல்முறை, ஈரான் 1978-லேயே போயிருக்கிறது. ஜெயித்தவருக்கு பிரான்ஸ் உலகக் கோப்பை. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா தன் நண்பர்களோடு போனார், என்னைக் கூட்டிப்போகவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஸ்டேடியம் முழுக்க நீலம், ஜப்பானில்தான் ஆட்டம் நடக்கிறதோ என்று இருந்தது என்று வந்து சொன்னார். 2-2 ஆகி, கூடுதல் நேரத்தில் நகயாமா கோல்டன் கோல் (அடித்ததும் ஆட்டம் முடிந்துவிடும்) அடித்து 3-2. கோலில் நின்றது 22 வயது கவாகுச்சி.

இன்னொரு மலேசியச் சங்கதி. 2004 சோங்சிங்கில், ஜோர்டான் பெனால்ட்டி ஷூட்-அவுட்டில், ஜப்பான் கேப்டன் மியாமோட்டோ போய்ப் பேசி, பெனால்ட்டி அடிக்கும் கோலை மைதானத்தின் மறுமுனைக்கு மாற்ற வைத்தாரே, அதற்குச் சம்மதித்த நடுவர் எங்கள் சுப்கிடின் சாலே.

#6 எண்கள் ஏகாம்பரம்

ஜெகன், கோல்டன் கோல் ஒகானோ மசாயுகி. நகயாமா அடித்தது அன்றைய முதல் கோல். உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் :)

#7 ஜொகூர் ஜெகன்

அப்பா சரியாகத்தான் சொல்லியிருப்பார், நான்தான் மாற்றிவிட்டேன். ஒகானோ. ஆமாம், அந்த நீள முடிக்காரர்.

#8 குறுக்குக்கம்பம்

ஜெகன் சொன்ன ஷூட்-அவுட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் கட்சிக்கு அதுவே சாட்சி.

2004 ஜூலை 31. 1-1. பெனால்ட்டி. ஜப்பானின் முதல் இரண்டு பேர், நகாமுராவும் அலெக்ஸும், இடது காலால் அடிப்பவர்கள். ஊன்றிய கால் புல்லோடு பெயர்ந்து இருவரும் வானத்துக்கு அடித்தார்கள். அப்போதுதான் மியாமோட்டோ நடுவரிடம் ஓடினார். கோல் மாறியது. அப்படியும் ஜோர்டான் முதல் மூன்றையும் உள்ளே போட்டு 3-1 ஆனது. அதற்குமேல் ஒன்று போட்டாலே ஜப்பான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த ஒன்று வரவேயில்லை. அடுத்து ஜோர்டான் அடித்த நான்கில் ஒன்றுகூட வலையைத் தொடவில்லை. கடைசியில் 4-3.

அன்றைக்கு அவர் நோர்ஷெலான்ட்டின் ஆள். கிளப்பில் கோலில் நிற்கவே வழியில்லாத ஆள். சீசன் முழுக்க ஆடுகிறவனுக்கு அடுத்த வாரம் இருக்கிறது. ஆடாதவனுக்கு இதுதான் இருக்கிறது. கைக்கு வரும் ஒவ்வொரு பந்தும் கடைசிப் பந்து மாதிரி. அந்த நிலையில் பதறாமல் நிற்பது எப்படி என்று சொல்லித்தர முடிகிறவர் எத்தனை பேர்?

#9 நீலச்சட்டை

அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் பெனால்ட்டியில் எதிராளியும் பதறுகிறான் என்பதை மறந்துவிடுகிறீர்கள். நான்கில் சிலதைத்தான் இவர் தடுத்தார், மற்றதை அவர்களே வீணடித்தார்கள்.

ஹனோயை வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். 2007, மறுபடி ஆஸ்திரேலியா, மறுபடி 1-1. முதல் இரண்டு உதையையும் தடுத்தார். முதலாவது ஹாரி கியூவெல். இரண்டாவது, ஆமாம், லூகாஸ் நீல். அந்த த்ரோ போட்ட அதே நீல். எனக்கே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அன்றைக்குக் கோச் ஓசிம் ஷூட்-அவுட்டைப் பார்க்கத் தாங்காமல் உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டார்.

ஆனால் 2007-இல் இவர் பெஞ்ச் ஆள் இல்லை. ஜுபிலோவின் முதல் கோலி, தேசிய அணிக் கேப்டன். உங்கள் கொள்கை இங்கே இடிக்கிறதே?

#10 வல்வை வாசன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுவம், அதனால் என் சொற்கள் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணை சொல்லுறதுக்கு 2004-ஐ விட 2010 நல்ல சாட்சி. 2009 செப்டம்பரில் லீக் ஆட்டமொன்றில் சொந்த அணி வீரரோடு மோதி வலது கால் எலும்பு முறிந்தது. எட்டு மாதம் கழித்து ஜப்பான் பயிற்சியாளர் ஒகாடா உலகக் கோப்பை அணியை அறிவிக்கிறார். காயத்திற்குப் பிறகு ஒரு போட்டியிலும் இறங்காத 34 வயது கோல்காப்பாளரின் பெயர் அதில் இருக்கிறது. எல்லாருக்கும் அதிர்ச்சி. மூன்றாம் காப்பாளர் என்ற இடம், அதோடு அணித் தலைவர் என்ற பொறுப்பு. களத்துத் தலைவர் வேறு, ஹசெபெ. இவர் உள்ளுக்குத் தலைவர்.

அந்த நேரம் அணி படு மோசம். தொடர்ந்து தோல்வி. சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே மலை முகாமில் வீரர்கள் மட்டும் கூடிக் கதைத்த கூட்டம் ஒன்று இருக்கிறது. கூட்டியது கவாகுச்சி. முன்னுக்கு ஏறி அழுத்தி ஆடுவதா, பின்னுக்கு இறங்கிக் காப்பதா என்று மூத்தவர், இளையவர் எல்லாரும் மனம் திறந்து பேசினார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் கமரூனை 1-0, டென்மார்க்கை 3-1. பராகுவேயிடம் பெனால்டியில்தான் வெளியேறினார்கள்.

கவனியுங்கோ, அந்த நாட்களில்தான் முதல் காப்பாளரும் மாறினார். நராசாகி வெளியே, கவாஷிமா உள்ளே. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் லம்பார்டின் பெனால்டியைக் கவாஷிமா தடுத்தார், அதோடு இடம் உறுதி. பத்து வருஷமாக ஒரே இடத்துக்காக மாறி மாறி நின்ற கவாகுச்சியும் நராசாகியும் கடைசியில் ஒரே வாங்கிலில் பக்கத்துப் பக்கமாக இருந்து கவாஷிமாவைப் பார்த்தார்கள். எனக்கு அந்த உலகக் கோப்பையில் அடித்த கோல்களை விட இந்தக் காட்சிதான் ஞாபகம்.

#11 எண்கள் ஏகாம்பரம்

வாசனுக்கு ஒரு பின்குறிப்பு. பெஞ்சில் உட்கார்ந்த நராசாகி அதே 2010-இல் நாகோயா கிராம்பஸுக்கு முதல் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்து, ஜே.லீக்கின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அந்த விருது ஒரு கோல்கீப்பருக்குப் போனது அதுதான் முதல்முறை.

#12 பழைய கோலி

வாசன் சொன்னதைப் படித்ததும் மட்சுனாகா ஞாபகம் வந்துவிட்டார். அவரைப் பேசாமல் கவாகுச்சியைப் பேசினால் பாதிக் கதைதான். குறுக்குக்கம்பம், அந்தக் கதையை நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தட்டச்சு செய்யக் கை ஒத்துழைக்காது, பழைய விரல் முறிவு.

#13 குறுக்குக்கம்பம்

ஐயா சொன்னால் சரி.

ஷிகெதாட்சு மட்சுனாகா. 1962-இல் ஹமமட்சுவில் பிறந்தவர், அவரும் ஷிசுவோகாக்காரர். மரினோஸ் நிசான் அணியாக இருந்த காலத்திலிருந்து யோகோஹாமாவில். அப்போது தேசிய அணியின் முதல் தேர்வு கோலி. 1992 ஆசியக் கோப்பையில் அரையிறுதியில் சீனாவோடு சிவப்பு அட்டை வாங்கி, இறுதிப் போட்டியை வெளியிலிருந்து பார்த்து, அப்படியும் சாம்பியன் ஆனவர். 1993 அக்டோபர் 28, தோஹா. ஈராக்கோடு 2-1 முன்னிலை. இன்னும் சில விநாடி தாங்கினால் ஜப்பானுக்கு முதல் உலகக் கோப்பை. ஒரு குட்டைக் கார்னர், ஒரு கிராஸ், ஒரு தலைமுட்டு. பந்து வளைந்து போய் வலைக்குள் விழுகிறது, மட்சுனாகா நின்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார். ஜப்பானில் அந்த இரவுக்கு ‘தோஹாவின் துயரம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, 1995 வசந்தம். மரினோஸுக்கு ஹோர்ஹே சொலாரி என்ற அர்ஜென்டினா கோச். 32 வயது மட்சுனாகாவை எடுத்துவிட்டு 19 வயதுப் பையனை நிறுத்தினார். பையன் கவாகுச்சி. அந்த வருஷமே மரினோஸ் லீக் சாம்பியன், கவாகுச்சி சிறந்த புதுமுகம். மட்சுனாகா சீசன் நடுவிலேயே கிளப்பைவிட்டுப் போய்விட்டார். டோசு, செண்டாய், கியோட்டோ என்று சின்ன இடங்களில் ஆடி 2000 வாக்கில் முடித்தார்.

அப்புறம்? கியோட்டோவில் கோல்கீப்பர் கோச். 2007-இல், எந்த கிளப் அவரை ஓரம் கட்டியதோ அதே யோகோஹாமாவுக்குக் கோல்கீப்பர் கோச்சாகத் திரும்பி வந்தார். 2019-இலும் 2022-இலும் யோகோஹாமா லீக் பட்டம் வென்றபோது பயிற்சி மைதானத்தில் கோலிகளுக்குப் பந்தடித்துக் கொண்டிருந்தவர் அவர்தான். 2019 அணியின் முதல் கோலி பாக் இல்-க்யூ, முந்தைய வருஷம் மூன்றாம் டிவிஷனில் ரியூக்யூவுக்கு ஆடிக்கொண்டிருந்தவர். கோல் கோட்டிலிருந்து ரொம்ப முன்னே வந்து நின்று, ஐந்தாவது தடுப்பாட்டக்காரர் மாதிரி ஆட வேண்டிய அணி அது. மூன்றாம் டிவிஷனிலிருந்து வந்தவரை ஒரே வருஷத்தில் அதற்குத் தேற்றினார்கள்.

தோஹாவில் உறைந்து நின்றதாக ஊரே சொன்ன மனிதர், முன்னே ஓடி வரும் கோலிகளை வளர்த்தார். இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

#14 நீலச்சட்டை

மட்சுனாகா கதைக்கு எதிராக நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தார், பலன் கண்ணுக்குத் தெரிகிறது. கோச் என்று அவரைச் சொல்லுங்கள், தலைவணங்குகிறேன்.

கவாகுச்சிக்கு அந்த அளவுக்கு ஒன்றும் இல்லையே? ஜுபிலோ 2023-இல் இரண்டாம் டிவிஷனில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியது, 2024-இல் 18-ஆவதாக முடித்து மறுபடி கீழே இறங்கியது. பெயர் பெரிது என்பதற்காக வேலையும் பெரிது என்று நினைக்கிறோமோ என்று ஒரு சந்தேகம். அதுவும் ஒரு கோல்கீப்பர் கோச் நல்லவரா, இல்லையா என்று எதை வைத்து அளப்பது? கோல் குறைவாக வாங்கினால் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பெயர், அதிகமாக வாங்கினால் கோலிக்குத் திட்டு. கோச் எங்கேயும் இல்லை.

#15 பழைய கோலி

கடைசி வரி நூற்றுக்கு நூறு. அளக்க முடியாது. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன், ஆனால் பேப்பரில் வராது. முதல் கோலிக்கு அடிபட்டு இரண்டாமவன் திடீரென்று இறங்குகிறான் என்று வையுங்கள். முதல் பந்தை எப்படி எடுக்கிறான்? கை நடுங்காமல் எடுத்தால் கோச் வேலை செய்திருக்கிறான். அவ்வளவுதான்.

2024 ஜுபிலோவைப் பற்றி நீலச்சட்டை விட்டுவிட்ட ஒன்று உண்டு. அந்த வருஷம் கவாஷிமா அங்கே வந்து சேர்ந்தார். நாற்பது வயதில், பெல்ஜியம், ஸ்காட்லாந்து, பிரான்ஸ் எல்லாம் சுற்றிவிட்டு. அவரும் நான்கு உலகக் கோப்பை அணி ஆள், 2010 முதல் 2022 வரை. வாசன் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த கவாகுச்சியே அங்கே காலையில் பந்தடித்துக் கொடுத்தார். நாற்பது வயது கோலிக்கு எப்படி விழுவது என்று சொல்லித்தர என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இன்றைக்கு எத்தனை தடவை விழ வேண்டாம் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அதை 43 வயது வரை ஆடியவன் சொன்னால்தான் கேட்பான். என் முழங்காலுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

#16 வல்வை வாசன்

ஐயா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

ஒரு சிறு சேர்க்கை. ஓய்வுக்கு முந்தைய ஐந்து வருஷத்தையும் விட்டுவிடாதேங்கோ. 2013-இல் ஜுபிலோ கீழே இறங்கியதும் அவர் 38 வயதில் இரண்டாம் பிரிவு கிஃபுவுக்குப் போனார், 2016-இல் மூன்றாம் பிரிவு சகாமிஹாராவுக்கு. 116 தடவை நாட்டுக்கு ஆடியவர். கடைசி ஆட்டத்துக்கு அந்தச் சின்ன மைதானத்தில் 12,000 பேருக்கு மேல் வந்தார்கள், 1-0 வெற்றி, கோல் வாங்கவில்லை. அந்தப் பிரிவில் ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக வரும் கூட்டம் அதில் நாலில் ஒன்றுகூட இல்லை.

#17 எண்கள் ஏகாம்பரம்

நீலச்சட்டை அளவுகோல் கேட்டதால் தேடினேன். டோக்கியோ ஒலிம்பிக், காலிறுதி, நியூசிலாந்து, கஷிமா மைதானம். 0-0, பெனால்ட்டி. ஜப்பான் கோலில் இருபது வயது கோசெய் தானி, ஷோனான் பெல்மாரேவுக்கு இரவலில் ஆடிக்கொண்டிருந்தவர். இரண்டாவது உதையைத் தடுத்தார், மூன்றாவது பதற்றத்தில் மேலே பறந்தது. 4-2. கோல்கீப்பர் கோச் கவாகுச்சி. பெஞ்சில் இருந்த இரண்டு கோலிகளில் ஒருவர் 18 வயது சியோன் சுசுகி. பிறகு தேசிய அணியின் முதல் கோலி ஆனவர்.

தேதியைப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2021 ஜூலை 31. ஜோர்டான் ஆட்டம் 2004 ஜூலை 31. பதினேழு வருஷம், அதே நாள், அதே காலிறுதி, அதே பெனால்ட்டி.

#18 ஜொகூர் ஜெகன்

இருங்கள், இருங்கள். மயாமி என்றைக்கு?

#19 எண்கள் ஏகாம்பரம்

1996 ஜூலை 21.

#20 ஜொகூர் ஜெகன்

ஹனோய்?

#21 எண்கள் ஏகாம்பரம்

2007 ஜூலை 21. இதை நான் எப்படி இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்தேன்.

#22 நீலச்சட்டை

சரி, தோற்றேன். பெஞ்சும் இல்லை, தவமும் இல்லை, இந்த ஆளுக்கு ஜூலை மாதம். அடுத்த ஆசியக் கோப்பையை ஜனவரியில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியுமா?

#23 குறுக்குக்கம்பம்

தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.

பழைய கோலி ஐயா, ஒரு கேள்வி மட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பொடியன்களுக்குக் கவாகுச்சி வீடியோ காட்டுவீர்களா? காட்டினால் எதை?

#24 பழைய கோலி

நீல் போட்ட த்ரோவை. இரண்டு வாரமாக அதையேதான் காட்டுகிறேன். முதல் தடவை பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பந்தைத் தூக்கிப் போட்டு வந்து பிடிக்கச் சொன்னேன். எட்டுப் பேரில் ஆறு பேர் பாதி வழியில் நின்றான்கள். இப்போது சிரிப்பதில்லை.

ஹனோய் தடுப்புகளை அடுத்த வாரம் காட்டலாம் என்றிருக்கிறேன். மழை வந்தால் அதற்கடுத்த வாரம்.